இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்றேன்

இன்று காலை விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். குளித்துத் தலை பின்னி கனகாம்பரம் வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கோ கை காட்டியபோது அவள் காது மடலின் பின்புறம் தெரிந்தது. அந்த மடிப்பில் பட்டாசு ஆலை அலுமினியப் பொடி, தேய்த்தும் போகாமல், மெல்லிய வெள்ளிக் கோடாக ஒட்டியிருந்தது. திருத்தங்கல் வருவதற்கு முன்பே எழுந்து போய்ப் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டேன். அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பாளோ.

உனக்கும் அப்படித்தான் இருக்கும். காது மடிப்பில், நகக்கண்ணில், கழுத்துச் சங்கிலிக்கு அடியில். "எத்தன சோப்பு போட்டாலும் போவாதுட்டி. என்னையக் கொளுத்துனா மத்தாப்பு மாதிரி எரிவேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. அந்தச் சிரிப்புச் சத்தம் நினைவுக்கு வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

விருதுநகர்க் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தோம். நீ வேதியியல், நான் உளவியல். நான் உள்ளூர்க்காரி. எண்ணெய்க் கடைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்று அப்பா விடுதியில் சேர்த்துவிட்டார். உனக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. பட்டாசு ஆலைக்குப் போய்த்தான் அம்மா உன்னையும் உன் தங்கை கௌசல்யாவையும் வளர்த்தாள். படிப்பு முடிந்ததும் நீ மேற்பார்வையாளர் பயிற்சி எடுத்து, ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் ஆலையில் சேர்ந்தாய். பேன்சி ரகப் பட்டாசுகளுக்கு வெடிமருந்து செலுத்தும் அறைகள் உன் பொறுப்பு. அந்த ஆலையில் அந்தப் பொறுப்புக்கு வந்த பெண் நீ ஒருத்திதான். நான் மதுரைக்குப் போய் ஆராய்ச்சி மாணவியானேன்.

தலைப்பு முடிவான அன்று உனக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"எதப் பத்திட்டி படிக்கப்போற?"

"ஆபத்துன்னு தெரிஞ்சே ஆபத்தான வேலையச் செய்யறாங்க. தப்புன்னு தெரிஞ்சே தப்பு பண்றாங்க. அந்த நேரத்துல அவங்க மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு."

"இதுக்கு எதுக்கு மதுர? எங்க கம்பெனிக்கு வா" என்றாய்.

வந்தேன். நீதான் எல்லாம் ஏற்பாடு செய்தாய். ஆலைக்குள் மின்சாதனம் எதையும் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் என் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் ஒரு விளையாட்டு. திரையில் ஒரு பலூன் இருக்கும். பொத்தானை அழுத்த அழுத்தப் பலூன் பெரிதாகும், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு புள்ளி சேரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தாமல் போனால் ஏதோ ஓர் அழுத்தலில் பலூன் வெடித்துவிடும், சேர்த்த புள்ளிகளும் போய்விடும். எந்த அழுத்தலில் வெடிக்கும் என்று விளையாடுபவருக்குத் தெரியாது. ஒரு மனிதர் ஆபத்தை நோக்கி எவ்வளவு தூரம் போவார் என்று பார்ப்பதற்கு இது ஒரு வழி.

உன் அறைகளில் வேலை பார்த்த பேச்சியம்மாளை முதலில் உட்கார வைத்தாய். நாலு முறை அழுத்தினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் அழுத்தலாம்மா. பலூன் சின்னதாத்தான இருக்கு?" என்றேன்.

"போதும் தாயி. எதுக்கு? வெடிச்சிரும்."

"இது படம்தான். ஒண்ணும் ஆகாது."

"படத்துல வெடிச்சாலும் எனக்கு வயித்தக் கலக்கும்" என்றாள். கூடமே சிரித்தது. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். மூன்று, ஐந்து, மிஞ்சினால் ஏழு. மருந்துக்கு நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் துணிச்சல்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு நீ சொன்னாய்: "என்னமோ ஆசப்பட்டு உள்ள போயி உக்காந்திருக்காகன்னு நெனச்சியாக்கும்?" அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதினேனே ஒழிய, காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆலைக்குள் வந்து பார்க்க உங்கள் மேனேஜர் ஒரு நாள் அனுமதி கொடுத்தார். மரியாதையான மனிதர். "வாங்கம்மா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உன் பின்னால் வந்தேன். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். நீ நிறுத்திய அறையின் சுவரில், உள்ளே நான்கு பேர் மட்டும் என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. நான் எண்ணினேன். ஏழு பேர் இருந்தார்கள். எதிர்ப்பக்கக் கதவை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. தரையெங்கும் வெள்ளிப் பொடி. ஏழு பேரும் தலை நிமிராமல் குழாய்களில் மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, மேலே இருந்த ஒரு பெட்டியைக் கதவிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாய். அவ்வளவுதான் செய்தாய்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நான் கேட்காமலே நீ பேச ஆரம்பித்தாய்.

"மொத தடவ அஞ்சாவது ஆள உள்ள விட்டது ஒரு நாளைக்குத்தான்னு சொல்லித்தான். அவசர ஆர்டரு. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல. அந்த ரூம் வாசல்லயே நின்னேன். மறுநாளும் அஞ்சு பேரு. அன்னைக்குச் சாப்பிட்டேன். ஆறாவது ஆளு எப்ப வந்தான்னு கேட்டா எனக்கு ஞாபகமே இல்லட்டி. நெசமாவே இல்ல. அது எப்படி எனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சு?"

உன் கண்ணில் நான் பார்த்தது பயம். வெடி விபத்தைப் பற்றிய பயத்தை உன் ஊர்க்காரர்கள் எல்லார் முகத்திலும் பார்த்திருக்கிறேன். இது வேறு. உனக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டதை அன்றைக்குத்தான் கவனித்தவள் போல நின்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதை இன்னொரு தடவை அப்படியே சொல்லு, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றேன். நீ சொன்னாய். ஆராய்ச்சிக்கு எவ்வளவு அருமையான பேட்டி என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆடிக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூப்பிட்டாய். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் இல்லாத ஆற்று மணலில் ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்தோம். தேங்காய்ப் பழத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்:

"ஒரு பெட்டிஷன் போடுட்டி."

"நானா?"

"நான் போட்டா யாருன்னு தெரிஞ்சிரும். வேல போகும். போனாக்கூடப் போகுது. எனக்குப் பதிலா வாரவன் எட்டாவது ஆளையும் உக்கார வைப்பான். நீ வெளியாளு, படிச்சவ. ஒரே ஒரு லெட்டர். ஆபீசர்க வந்து பாக்கட்டும். அம்புட்டுத்தான்."

"ஆத்தாகிட்ட சொல்லிட்டேல்ல? அவ பாத்துக்கிருவா" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

"சொன்னேன். கேட்டுக்கிட்டா. அவளுக்கு பெட்டிஷன் எழுதத் தெரியாதுல்ல."

நீ சிரிக்கவில்லை. "பாக்கறேன்" என்றேன். பேட்டி கொடுப்பவர்களிடம் நான் கையெழுத்து வாங்கும் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் சொல்வது வெளியே போகாது என்று அதில் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை மீறினால் என் ஆராய்ச்சியே செல்லாது என்றேன். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆபீசர்கள் வந்தால் ஆலை வாசல் எனக்கு மூடிவிடும், பாக்கியிருக்கும் பேட்டிகள் கிடைக்காது என்பதுதான் முதலில் என் மனதில் ஓடியது. படிவம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பத்து நாள் கழித்து வாட்ஸாப்பில் உன் குரல் வந்தது. "ஏட்டி, போட்டியா இல்லையா? இன்னைக்கு மேனேஜர்கிட்ட நேராவே சொன்னேன், ரூமுக்கு ஏழு பேர விட முடியாதுன்னு. லோடு ஏறணும், சொன்னதச் செய்யுங்கன்னுட்டாரு. எனக்குப் பயமா இருக்குட்டி. நீ சீக்கிரம் போடு. இத நான் அனுப்பினதும் என் போன்ல அழிச்சிருவேன், இங்கன போனு பல பேரு கையில போகும்."

நான் எழுத்தில் பதில் போட்டேன். "ரெண்டு வாரம் பொறுத்துக்கோ. இன்னும் இருபது பேர் பாக்கி. முடிச்சதும் கண்டிப்பா போடறேன்."

"சரிட்டி" என்று மட்டும் அனுப்பினாய்.

ஒன்பதாம் நாள் பகல், பலூன் விளையாட்டின் அட்டவணையைப் பேராசிரியரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் கௌசல்யாவிடமிருந்து பதினோரு அழைப்புகள். திருப்பிக் கூப்பிடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிடாமல் இருந்தால் அது நடக்காமல் போய்விடும் என்பது போல அந்த வராந்தாவில் அப்படியே நின்றிருந்தேன். பன்னிரண்டாவது அழைப்பு வந்தது. எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வெடித்த அறையில் இருந்தவர்களில் மூன்று பேர் போயிருந்தீர்கள். உன்னை அடையாளம் காட்ட அம்மாதான் உள்ளே போனாள். "நீயும் வா" என்று என் கையைப் பிடித்தாள். நான் போகவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து அம்மாவின் குரல் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவே இல்லை. வெளியே வந்தவள் "கொலுசு அவளோடதுதான்" என்றாள்.

தண்ணீர் எடுத்துவரப் போனதால் பிழைத்த பேச்சியம்மாள் பிறகு சொன்னாள். அன்று காலையிலும் நீ மேனேஜரிடம் வாதாடியிருக்கிறாய். தோற்றுத் திரும்பி வந்து, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நீயும் உள்ளே போய் எட்டாவது ஆளாக உட்கார்ந்துவிட்டாயாம். "ஏன் தாயி நீயும்?" என்று அவள் கேட்டதற்கு, "நானும் ரெண்டு கை போட்டா வெரசா முடியும். வெரசா முடிஞ்சா எல்லாரும் வெரசா வெளிய போயிரலாம்ல" என்று சொன்னாயாம்.

இதை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறது. அறிவுள்ள ஒருத்தி, வேதியியல் படித்தவள், ஒவ்வோர் அடியையும் யோசித்துத்தான் வைத்தாய். எந்த அடியும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. அப்படி நடந்தே அந்த அறைக்குள் போய்விட்டாய்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. மேற்பார்வையாளரின் கவனக்குறைவே காரணம் என்று ஆலை தரப்பில் சொல்லியிருந்தார்கள். கௌசல்யா அதைப் படம் எடுத்து அனுப்பினாள். "அக்கா, எங்கக்காவையே குத்தவாளின்னு போட்டிருக்காக. எழவுக்கு வந்தவுகளும் அதத்தான் பேசுதாக. அம்மா வாசப்பக்கமே வர மாட்டேங்கா."

உன் போனில் ஒன்றும் இருக்காது. நீதான் அன்றன்றைக்கே அழித்துவிடுவாயே. நீ மறுத்ததற்கு, பயந்ததற்கு, கெஞ்சியதற்குச் சாட்சி என் போனில் மட்டும்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே என் பதிலும் இருந்தது.

நான்கு நாள் அந்தப் போனைத் திறந்து பார்க்கவே பயந்தேன். தலையணைக்கு அடியில் வைப்பேன், பிறகு அது அங்கே இருப்பதை நினைத்தே படுக்க முடியாமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவேன். ஐந்தாம் நாள் காலை அது பீரோவுக்குள்ளிருந்தே அடித்தது. உங்கள் மேனேஜர்.

"நல்லா இருக்கீகளாம்மா? உங்க ஃபிரெண்டு போனதுல எங்களுக்கும் ரொம்ப வருத்தம். தங்கமான பிள்ள. நீங்க ஆராய்ச்சிக்கு வந்தவுக. நாங்களும் உங்கள நல்லபடியாத்தான் வச்சிருந்தோம். யாராச்சும் வந்து ஏதாச்சும் கேப்பாக. நமக்கெதுக்கும்மா? அப்பா கடைக்குப் போற வாரவுகதான நாங்களும். பாத்துக்கிருங்க."

குரலில் ஒரு சுடுசொல் இல்லை. அப்பாவின் கடை அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்தினார். அன்று முழுவதும் மாடியிலிருந்து எட்டி எட்டிக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய் வாங்க வந்து நின்ற ஒவ்வொருவர் முகமும் எனக்குச் சந்தேகமாகத் தெரிந்தது. சாயந்தரம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "அந்தப் பிள்ள நம்ம வீட்டுல சாப்பிட்ட பிள்ள. போய்ச் சொல்லிட்டு வா. கடைய நான் பாத்துக்கிருவேன்" என்றார். என் பதிலைப் பற்றி அவரிடமும் நான் சொல்லவில்லை.

விசாரணைக்குக் கௌசல்யாவும் என்னோடு வந்தாள். உன் குரல் பதிவை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். உன் பெயரைக் காப்பாற்ற அது போதும், என் பதில் எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உன் குரலை இரண்டு முறை கேட்டார். கௌசல்யா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"நேர்ல... நேர்ல பேசிக்கிட்டோம் மேடம்."

"நேர்ல என்ன சொன்னீங்க?"

வாயிலிருந்து வந்த பொய் மேஜைமேல் கிடப்பது போல இருந்தது எனக்கு. எவ்வளவு லகுவாக வந்துவிட்டது. வியர்க்கவில்லை, நா குழறவில்லை. மனிதர்கள் எந்த நேரத்தில் பொய் சொல்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்தவள், சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதையே கவனித்தேன். பக்கத்தில் உன் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் உன்னைப் போலவே நெற்றியோரம் முடி சுருண்டிருக்கும். போனைத் திறந்து அதிகாரி முன்னால் தள்ளினேன். தட்டச்சு செய்பவருக்காக அவர் அதை உரக்கப் படித்தார்.

"ரெண்டு வாரம் பொறுத்துக்கோ. இன்னும் இருபது பேர் பாக்கி."

கௌசல்யா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கௌசல்யா எல்லாம் சொல்லியிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் மறைக்காமல் நானும் ஒருமுறை சொன்னேன். அம்மாவின் விரல்கள் கீரையை உருவிக்கொண்டே இருந்தன. கடைசிக் குச்சியையும் உருவி முடித்த பிறகு சொன்னாள்: "அவ ஒன்னையத்தான நம்புனா. எந்திரிச்சுப் போம்மா." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'போம்மா'வைத்தான் தாங்க முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் என்னை மறித்துக்கொண்டார்கள். ஆலையைப் பூட்டிவிட்டார்கள், வேலைக்கு ஏற்றிப்போக வேன் வருவதில்லை. "ஒங்க ஆராய்ச்சிக்கு நாங்கதான் கெடச்சமா? இப்ப வீட்டுல உக்காந்து ஒங்க பலூன ஊதவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

வழக்கில் மேனேஜரையும் ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவரையும் சேர்த்தார்கள். நீ மறுத்ததும் எச்சரித்ததும் பதிவாகிவிட்டது. உன் மேல் இருந்த பழி காகிதத்தில் நீங்கியது. வழக்கு இன்னும் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. கடைக்கு மிரட்ட யாரும் வரவில்லை. ஆனாலும் கடை வாசலில் பைக் நின்றால் இன்றைக்கும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

பல்கலைக்கழகத்தில் நானே போய்ச் சொன்னேன். வாக்கை மீறிய பிறகு அந்தப் பேட்டிகளை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள், அது சரிதான். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். நான் திரும்பிப் போகவில்லை. இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பிழை திருத்துகிறேன். ராகு காலமும் எமகண்டமும் சரியான கட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை.

படித்த படிப்பில் ஒன்று மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. பேராசையையும் முரட்டுத் துணிச்சலையும் தேடிக்கொண்டுதான் உங்கள் ஊருக்கு வந்தேன். அந்தப் பதிலை உனக்கு எழுதியபோது எனக்குள் இரண்டுமே இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தேன். நல்லபடியாகத்தான் இருந்தேன். உனக்கு நல்லது செய்யத்தான் போகிறேன், கொஞ்சம் தள்ளிச் செய்யப்போகிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதும் ஏதாவது ஒரு வேலையை 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று மனசு சொன்னால், அது சின்ன வேலையாக இருந்தாலும், எழுந்து விளக்கைப் போட்டது போல உடம்பு முழுக்க விழித்துக்கொள்கிறது.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் ஆலை வாசலுக்கு வந்து கௌசல்யா போன் செய்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். வேறோர் ஆலையில் சேர்ந்திருக்கிறாளாம். அக்கா உயிர் போன வேலைக்கா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அங்கே வேறு வேலையும் இல்லை.

"அக்கா, இங்கன மரத்தடியில வச்சு மருந்து அடைக்கச் சொல்லுதாக. எட்டுப் பத்துப் பேரு உக்காந்திருக்காக. என்ன செய்யட்டும்?"

"நீ வீட்டுக்குப் போ. வயித்து வலின்னு சொல்லிட்டு இப்பமே கெளம்பு" என்றேன்.

அச்சகத்து மேஜையிலேயே உட்கார்ந்து மனுவை எழுதினேன். என் பெயர், என் முகவரி, என் கையெழுத்து. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரே கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். மறுநாள் ஆபீசர்கள் போனார்கள். மரத்தடி வேலை நின்றது. அப்பாவின் கடையை யார் யாருக்குத் தெரியுமோ என்ற பயம் ஒரு மாதம் கூடவே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இனியும் நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கௌசல்யா வேலை முடிந்து வேன் ஏறியதும் ஒரு மெசேஜ் போடுகிறாள். 'ஏறிட்டேன்' என்று ஒரே வார்த்தை. அது வரும்வரை நான் எந்தக் கட்டத்தைத் திருத்தினேன் என்று எனக்கே தெரியாது. அம்மா மட்டும் என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை என்று கௌசல்யா ஒருமுறை சொன்னாள்.

நேற்று, வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. அது அவள் ஆலைக்குள் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் போன் அவள் கையில் இருக்கக் கூடாது. யாரோ அவள் போனிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எடுக்க முடியவில்லை. அடித்து ஓய்ந்தது. அச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மறுபடி அடித்தது. வெளியே படிக்கட்டுக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா, இன்னைக்கு லீவு போட்டுட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம என்னையப் பொண்ணு பாக்க வாராக. சாத்தூர்ப் பக்கம். மளிகைக் கட வச்சிருக்காக. கல்யாணத்துக்கப்புறம் வெடி வேலைக்குப் போகவேண்டாம்னு சொல்லிருக்காக."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா சொன்னா, உங்களையும் வரச் சொல்லி. எங்கக்கா இருந்தா செய்ய வேண்டியதெல்லாம் இருக்காம், தல பின்ன, சேல கட்டிவிட. காலையில வெள்ளனே வந்துருவீகளாம்."

சந்தோஷமான சேதிதான். ஆனாலும் படிக்கட்டுக் கைப்பிடியை நான் இன்னும் விடவில்லை. இனி எந்த நல்ல சேதியும் எனக்கு இப்படிப் பயமுறுத்திவிட்டுத்தான் வந்து சேரும் என்று நினைக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது இதுதான், இது என்னோடு இருக்கட்டும்.

"என்னக்கா, லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன்" என்றேன். "ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கே வந்துருவேன்னு அம்மாகிட்ட சொல்லு."